கைப்பிடி வைத்த ஜங்ஷன்

காலியான பற்பசைப் பெட்டியோடு ஒருவர் குப்பைத் தொட்டிவரை போகிறார். காலால் மிதித்து மூடியைத் திறக்கிறார். பெட்டியைத் தொட்டிக்கு நேராக நீட்டுகிறார். நீட்டிய கை விடவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறார். தர்பூசணி வாங்குகிறவரைப் போல நகத்தால் ஒரு தட்டுத் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்கிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணுக்கு முன்னால் அதைப் படுக்கைவசமாகப் பிடித்து, கொஞ்ச நேரம் மூச்சுவிட மறந்து நிற்கிறார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பெட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நழுவிவிடுகிறார். தொட்டி ஏமாந்து வாயை மூடிக்கொள்கிறது.

இந்த ஜீவராசிக்குக் குட்டி ரயில்காரர் என்று பெயர்.

பொம்மை ரயில் வாங்கி வட்டமாக ஓட்டிப் பார்க்கும் அப்பாவிகளை இதில் சேர்த்துவிடாதீர்கள். அவர்களுக்கு ரயில் வேண்டும், ஓடினால் சந்தோஷம். நம்முடைய ஆளுக்கு ரயில் ஒரு சாக்கு. அவருக்கு வேண்டியது ஒரு ஊர். அட்டையில் வெட்டி, பசையில் ஒட்டி, பாத்திரம் துலக்கும் நாரைப் பிய்த்து மரமாக நட்டு, வடிகட்டிய தேயிலைச் சக்கையைக் காயவைத்து மண்ணாகத் தூவி, சீப்பின் பல்லை ஒடித்து வேலி போட்டு, ஒரு ஜங்ஷனையே இரண்டு பலகையில் கட்டி, நடுவே கீல் வைத்து, பெட்டியாக மடிக்கும்படி அமைத்து, மேலே கைப்பிடியும் திருகி வைத்துவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்: "எங்க வேணா தூக்கிட்டுப் போகலாம்!"

எங்கும் தூக்கிக்கொண்டு போனதில்லை என்பது வேறு விஷயம்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கர், மாலையில் கடவுள். மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீடு. தபால் அலுவலகத்தில் நாள் முழுக்கப் பொட்டலங்களை எடைபோடும் மனைவி. தையல் மிஷினை விற்றுவிட்டு மகளோடு வந்து இருக்கும் மாமனார். சாப்பாட்டு மேசை என்று ஒன்று இருந்தது. அதன்மேல் இப்போது ஜங்ஷன் இருக்கிறது. மூவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களைப் போலச் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

விருந்தினர் வந்தால் இந்த இனம் 'உட்காருங்கள்' என்று சொல்வதில்லை. "அந்த நாற்காலி வேண்டாம், சிக்னல் காயுது" என்று சொல்லும். நிற்கிற விருந்தினரின் தலையைப் பிடித்துக் குனியவைத்து, "கண்ணு மேசை மட்டத்துக்கு வரணும். அப்பதான் ஊருக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும்" என்று கட்டளையிடும். இடுப்பு பிடித்துக்கொண்ட விருந்தினர் மரியாதைக்கு ஏதாவது கேட்டாக வேண்டுமே.

"அழகா இருக்குங்க. எவ்வளவு?"

"நூத்தி அறுபதுல ஒண்ணு."

"விலைங்களா?"

"அளவு!" என்பார் நம்மவர். அந்த ஒரு சொல்லில் இருக்கும் இளக்காரத்தை எடைபோடத் தபால் அலுவலகத்துத் தராசு போதாது.

"ரயில் ஓடுமா?"

"ஓடும். இப்ப வேண்டாம்."

இவர்களுடைய தலையாய சடங்கு ஒன்று இருக்கிறது: அழுக்காக்குதல். புதுச் சுவரைக் கட்டி முடித்த கையோடு அதைப் பழசாக்கத் தொடங்குவார்கள். தேநீர்ச் சாயத்தில் தூரிகையை நனைத்து மழைத்தாரை இறக்குவார்கள். மெழுகுவத்திக் கரியை விரல்நுனியில் தொட்டுக் கூரையோரம் தடவுவார்கள். கட்டைவிரல் அகலச் சுவரில் ஓதம் ஏறினாற்போலக் காட்ட ஞாயிற்றுக்கிழமைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலவழிப்பார்கள். அதே கூடத்தில், அவர் தலைக்கு நேர்மேலே, நிஜச் சுவரில் நிஜ ஓதம் இறங்கிக்கொண்டிருந்தது. "இதுக்கொரு வெள்ளையடிக்கக் கூடாதாங்க?" என்று கேட்டாள் மனைவி. அவர் நிமிர்ந்து, ஒரு கண்ணை மூடி, ஓதத்தை உற்றுப் பார்த்தார்.

"தொட்டுடாத. கலர் அருமையா வந்திருக்கு. இதைப் பார்த்துத்தான் பண்ணிட்டிருக்கேன்."

இவரோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று கேட்கிறீர்களா? அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பிளாட்பாரத்தில் பலூனோடு நிற்கும் நகக்கண் அளவுச் சிறுமிக்கு என்ன வயது, எந்த வண்டிக்குக் காத்திருக்கிறாள், அவள் அப்பாவுக்கு என்ன உத்தியோகம், எல்லாம் அவர் விரல்நுனியில். மனைவிக்கு எந்த நாள் விடுமுறை என்று கேட்டால் நாட்காட்டியைத் தேடுவார். அந்த ஊர் ஜனங்களைக் குறை சொல்லவும் முடியாது. எதிர்த்துப் பேசுவதில்லை, தட்டு கழுவச் சொல்வதில்லை. எங்கே ஒட்டினாரோ அங்கேயே நிற்கிறார்கள்.

இப்படி இருக்கையில் மாமனாருக்கு இருமல் வந்தது.

சாதாரண இருமல்தான். விடவில்லை என்பதால் மகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, பேனா முனையால் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஓரிடத்தைக் காட்டினார். மிளகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"முன்னாடி எப்பவாவது நெஞ்சுப் படம் எடுத்திருக்கீங்களா ஐயா?"

"எடுத்திருக்கோம் டாக்டர். நாலஞ்சு வருஷம் இருக்கும்" என்றாள் மகள்.

"அதைக் கொண்டு வாங்க. அதுலயும் இந்தப் புள்ளி இருந்தா, எப்பவோ வந்து ஆறின தழும்பு. கவலையே இல்லை, விட்டுடலாம். அதுல இல்லேன்னா இது புதுசு. ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கணும். அநேகமா ஆபரேஷன்தான். இந்த வயசுல நெஞ்சைத் திறக்கிறது சாதாரண காரியமில்லைம்மா."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் அந்தப் பெரிய காகித உறை பத்திரமாக இருந்தது. அப்பாடா என்று இழுத்தாள். உள்ளிருந்து அதே நீளத்தில், அதே அகலத்தில், உறை மடங்கிவிடக்கூடாதே என்ற அக்கறையோடு வெட்டப்பட்ட ஒரு சட்டைப்பெட்டி அட்டை வந்தது. படம் வரவில்லை.

அவள் கூடத்துக்கு வந்தாள். கணவர் கன்னத்தை மேசையில் பதித்து, ஊருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அப்பாவோட பழைய எக்ஸ்ரே எங்க?"

கன்னம் மேசையை விட்டு எழவில்லை. "அது ஸ்டேஷன்ல இருக்கு."

"ஸ்டேஷன்லயா? அதை எதுக்குங்க ரயில்ல தூக்கிட்டுப் போனீங்க? இப்பப் போய்க் கேட்டா குடுப்பாங்களா?"

அவர் ஒரு விரலை நீட்டிக் காட்டினார். இந்த ஸ்டேஷன்.

விஷயம் இதுதான். ரயில் நிலையத்துக்குக் கண்ணாடி ஜன்னல் வேண்டும். புத்தம் புதிய பிளாஸ்டிக் தாள் பளபளவென்று பல்லைக் காட்டுகிறது. வேண்டியது பழைய கண்ணாடி. புகை படிந்த, கொஞ்சம் மங்கிய, உள்ளே ஏதோ இருக்கிறது ஆனால் தெரியவில்லை என்று நினைக்கவைக்கிற கண்ணாடி. அப்படிப்பட்ட சாம்பல் நிறம் இயற்கையில் ஒரே இடத்தில்தான் கிடைக்கிறது. மாமனாரின் நுரையீரலில். விலா எலும்பு ஓடிய பகுதி சாமான் கிடங்கின் ஜன்னல் சட்டங்களாயிற்று. தோள்பட்டை, பிளாட்பாரத்துக் கூரைத் தகடு. பெரியவரின் நெஞ்சுக்கூடு முழுவதும், ஒரு துண்டு வீணாகாமல், ரயில்வேக்கு அர்ப்பணிக்கப்பட்டிருந்தது.

பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வந்த மாமனார் மேசையை ஒரு பார்வை பார்த்தார். "நெஞ்சுல ரயிலே ஓட்டிட்டீங்களே மாப்பிள்ளை" என்றார். சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

"படம் எடுத்த இடத்துல இன்னொண்ணு வாங்கலாமே?" என்றார் நம்மவர்.

"அங்க இப்ப செருப்புக் கடை இருக்கு! ஜன்னலைப் பிடுங்குங்க."

"பிடுங்கினா சுவரோட வந்துடும். உள்பக்கமா ஒட்டியிருக்கேன்."

"அப்பா உசிரு பெருசா, உங்க அட்டைச் சுவர் பெருசா?"

இந்தக் கேள்விக்கு அவர் யோசித்தார். குறித்துக்கொள்ளுங்கள், வாசகரே: யோசித்தார்.

யோசித்து ஒரு வழியும் கண்டுபிடித்தார். எதையும் பிரிக்க வேண்டாம், அப்படியே கொண்டுபோய்க் காட்டிவிடலாம். அதற்குத்தானே கைப்பிடி!

மறுநாள் காலை ஜங்ஷன் முதன்முறையாக மடிக்கப்பட்டது. கைப்பிடியைப் பிடித்து அவர் தூக்கினார். கைப்பிடி வந்தது. ஜங்ஷன் வரவில்லை. ஆகவே முன்பக்கம் அவர், பின்பக்கம் மனைவி, சாயாமல் நடுவில் தாங்கிக்கொள்ள, யாருடைய நெஞ்சில் கோளாறு என்று கண்டுபிடிக்கப் போகிறார்களோ அந்தப் பெரியவர், என்று மூன்று மாடி இறங்கினார்கள். "மெதுவா மாமா, மணிக்கூண்டு அந்தப் பக்கம்தான் இருக்கு" என்று வழிநெடுக எச்சரிக்கை வேறு. இரண்டாவது மாடிக்காரர் கதவைத் திறந்து, நீளமான பெட்டியைப் பார்த்ததும் சட்டென்று கைகட்டி நின்று, "அடடா, யாருக்கு?" என்றார்.

"இன்னும் யாருக்கும் இல்லை" என்றாள் மனைவி.

வாடகை வண்டியில் முன் இருக்கை ஜங்ஷனுக்கு. இருக்கைப் பட்டையும் அதற்கே. மற்ற மூவரும் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ரகளைதான். பெட்டியைத் திறந்து வைத்ததும் இருமிக்கொண்டிருந்தவர்களெல்லாம் இருமலை ஒத்திவைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டார்கள். நம்மவருக்கு எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோயிற்று. "கையை மட்டும் வைக்காதீங்க. கண்ணு பலகை மட்டத்துக்கு வரணும்" என்று ஆரம்பித்துவிட்டார். மாமனாரின் முறை வந்து நர்ஸ் கூப்பிட்டபோது, சிக்னல் எப்படி இறங்குகிறது என்று யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். மனைவி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"படம் கொண்டு வந்தீங்களா?" என்றார் டாக்டர்.

பெட்டி அறைக்குள் நுழையாததால், ரயில் நிலையம் மட்டும் பலகையிலிருந்து பெயர்க்கப்பட்டு மேசைமேல் வைக்கப்பட்டது. விஷயம் சொல்லப்பட்டது. டாக்டர் மூவரையும் வரிசையாகப் பார்த்தார். பைத்தியத்துக்கு வைத்தியம் அடுத்த கட்டடம் என்று சொல்ல வாயெடுத்தவர், பெண்ணின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிலையத்தைத் தூக்கி விளக்குப் பலகைக்கு முன்னால் பிடித்தார்.

"கூரையைப் பிடிக்காதீங்க டாக்டர், அது ஒட்டினது."

ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் எழுந்தன. பயணச்சீட்டு அறை: சாம்பல். காத்திருக்கும் அறை: சாம்பல், ஓரத்தில் ஒரு விலா எலும்பின் வளைவு. டாக்டரின் கை நின்றது.

"இது என்ன, வெள்ளையா?"

நம்மவர் முகம் மலர்ந்தது. "ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் டாக்டர். உள்ள விளக்கு எரியுது. எல்லாரும் அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. பல்பே கிடையாது தெரியுமா!"

டாக்டர் இடுக்கியை எடுத்தார். அட்டைச் சுவர் கிழிந்தது. நம்மவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்; ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது அவருக்கு.

"இந்தத் துண்டு படத்துல எந்த இடம்? அது தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது."

"வலப்பக்கம்" என்றார் மாமனார், யாரும் கேட்காமலே. "கழுத்தெலும்புக்குக் கீழ, ரெண்டாவது விலாவுக்கும் மூணாவதுக்கும் நடுவுல. பக்கத்துத் துண்டு அந்த வெயிட்டிங் ரூம் ஜன்னல். சேர்த்து வெச்சுப் பாருங்க, எலும்பு வளைவு ஒண்ணா வரும்."

அப்பாவின் நெஞ்சு அப்பாவுக்குத் தெரியாதா என்று மகள் நினைத்துக்கொண்டாள். அவள் கைகள் புடவைத் தலைப்பைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தன.

இன்னொரு ஜன்னல் பெயர்ந்தது. இரண்டையும் சேர்த்தபோது வளைவு கூடியது. டாக்டர் புதுப் படத்தின்மேல் வைத்து, அளவுகோலால் அளந்து, மறுபடியும் அளந்து, நாற்காலியில் சாய்ந்தார்.

"அதே இடம். அதே அளவு. ஒரு நூல்கூட வளரலை. பழைய தழும்புதான் ஐயா. ஆபரேஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இருமலுக்கு மருந்து தரேன், போயிட்டு வாங்க."

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து ஒரு சத்தமாக வந்தது. மாமனார் நீளமாக மூச்சை விட்டார். இந்த முறை இருமல் வரவில்லை. அந்த அமைதியில், இரண்டு கண் போன ஸ்டேஷனை மடியில் வைத்துக்கொண்டு நம்மவர் கேட்டார்:

"டாக்டர், அந்த விளக்கைத் திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல?"

"இது ஃபைல்ல இருக்கணுங்க. அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்கணும்."

"அளவு குறிச்சுக்கிட்டீங்களே. பின்ன எதுக்கு?"

மகள் எழுந்தாள். அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, வெளியே நடந்து, வாசலில் காத்திருந்த வாடகை வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"பெட்டி வருதுங்களாம்மா?" என்றார் வண்டிக்காரர்.

"அதுக்கு வேற ஆள் இருக்கு. நீங்க எடுங்க."

ஆஸ்பத்திரிப் படியில், பெட்டி உள்ளே கிடக்க, பிடுங்கிய கைப்பிடி ஒரு கையிலும் ஸ்டேஷன் மறு கையிலுமாக, ஒரு ஊருக்கே சொந்தக்காரர் தனியாக நின்றார். எனக்குப் பரிதாபம் வரவில்லை. உங்களுக்கும் வரக்கூடாது.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஒரு சின்ன சந்தேகம் மட்டும். படத்தைக் காணவில்லை என்று அந்தப் பெண் பதறியபோது, 'ஐயோ, பெரியவர் பிழைப்பாரா' என்று தோன்றுவதற்கு ஒரு விநாடி முன்னால், 'எக்ஸ்ரே படத்தில் ஜன்னலா? பிரமாதமாக இருக்குமே! எதால் வெட்டியிருப்பார்?' என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால் புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியருகே உங்களை யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நோய்க்கு முகத்தில் அடையாளம் கிடையாது. தூற்றுகிறவர்களுக்கும் தொற்றும். பாதிக்கப்பட்டவர்களுக்கும் தொற்றும்.

எதால் வெட்டினார் என்பது எனக்கே பின்னால்தான் தெரிந்தது. கோட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலால். மாப்பிள்ளைக்கு அதைப் பிடிக்கவே தெரியாது. மகள் தபால் அலுவலகத்துக்குப் போன பகல்களில், பீரோவைத் திறந்து படத்தை எடுத்து, பிசிறில்லாமல் வெட்டிக் கொடுத்தவர் மாமனார். மாப்பிள்ளை கடைசிவரை அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வெள்ளைப் புள்ளியை ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் வைத்தால் விளக்கு எரிவதுபோல இருக்கும் என்ற யோசனையும் பெரியவருடையதுதானாம்.