எந்த அர்த்தத்தில்?

பசிக்கிறது என்றால் சோறு போடாமல், "பசி என்று எதைச் சொல்கிறாய்?" என்று கேட்கும் ஓர் இனம் உண்டு, வாசகரே. எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நைஜீரியாவில், எங்கள் இபாதான் நகரில் கொஞ்சம் அதிகம். வரையறைக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

முயிவாவைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறவர். பக்கத்து வீட்டு ஆடு தோட்டத்தில் புகுந்தபோது, அதை விரட்டுவது அறமா, ஆட்டுக்கு அறம் என்று ஒன்று உண்டா, உடைமை என்பதே கற்பனைதானா என்று வேலியோரம் நின்று அவர் யோசித்துக்கொண்டிருக்க, ஆடு கீரையை முடித்துவிட்டுக் கிழங்குக் கொடிக்குப் போய்விட்டது. நாவலும் படிப்பார். நாயகி செத்தால் அழமாட்டார். இல்லாத ஒருத்திக்காக அழுவது நேர்மையா என்று பக்க ஓரத்தில் எழுதிவைப்பார். படுபாவி!

இந்த மனிதரைத்தான் அபெனி காதலித்தாள். பள்ளியில் இலக்கியம் நடத்துகிறவள்; கதையில் யாராவது தும்மினால்கூடக் கண்கலங்குகிறவள். அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வராதா என்று வருஷக்கணக்காக ஏங்கியிருந்தாள். எங்கள் யொருபா மொழியில் அது சின்ன வார்த்தை: 'ஃபெ'. விரும்புவதும் அதுதான், காதலிப்பதும் அதுதான், கட்டிக்கொள்வதும் அதுதான். இதைவிட வசதி வேண்டுமா? முயிவாவுக்கு அந்த வசதிதான் தொல்லை.

நிச்சய நாள் வந்தது. பந்தலில் கிழங்குக் குவியல், பழக்கூடைகள், இரண்டு வீட்டுச் சனம், நடுவில் மைக்கோடு சடங்கை நடத்தும் அம்மாள். வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டார் முன் குப்புற விழுந்து வணங்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி.

"மாப்பிள்ளே, ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லுங்க. எங்க பொண்ணு மேல ஃபெ இருக்கா, இல்லையா?"

முயிவா தொண்டையைச் செருமினார். "எந்த அர்த்தத்துல கேக்குறீங்க?"

மேளம் நின்றது. "டேய், ஆமான்னு சொல்லித் தொலைடா!" என்று பின்னாலிருந்து தோழன் பல்லைக் கடித்தான். பெண்ணின் அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்காமல் முயிவா மைக்கை வாங்கினார்.

"அதுக்கு மூணு அர்த்தம் இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்துக்குவோம்..."

கூப்பிடும்வரை உள்ளறையில் காத்திருக்க வேண்டிய அபெனிக்கு ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. அவமானத்தில் முகம் எரிந்தது, அழுகை முட்டியது. முக்காட்டைத் தள்ளிவிட்டு விறுவிறுவென்று பந்தலுக்கே வந்துவிட்டாள்.

"ப்ரொபசரே, வேணும்னு சொன்னா மூணு அர்த்தம், சரி. வேணாம்னு சொன்னா ஒரே அர்த்தம்தான். நான் சொல்லட்டுமா?"

அவ்வளவுதான். புது அங்கியும் தத்துவமுமாக மனிதர் தடாலென்று குப்புற விழுந்தார். "மூணும்! அபெனி, மூணும்தான்!" என்று தரையிலிருந்தே கத்தினார். மேளக்காரர்களுக்கு அது போதுமாயிருந்தது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். "என்மேல பிரியம் இருக்கா?" என்று உங்கள் வீட்டில் கேட்டபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "இதென்ன கேள்வி?" என்றீர்களே, அது பதிலா?