மடக்கு மேஜையின் முந்நூறு வயது

ஒரு மேஜையின் வயதை அதைச் செய்தவன் சொல்லக்கூடாது. நிபுணர்தான் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்து வெல்பரோ ஏலக்கூடம் மனித குலத்துக்கு அளித்த மாபெரும் கொடை இந்த ஞானம்தான்.

அங்கே நாற்பத்தோராம் எண் சாமானாக ஓர் ஓக் மர மடக்கு எழுதுமேஜை வந்து இறங்கியது. இறக்கிய சுமைதூக்கி க்ளெம் துர்கெட்டில் அதைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டார். அவரே செய்த மேஜை! கல்யாணமான வருஷம், இடித்த தேவாலயத்தின் பெஞ்சுப் பலகைகளை விறகு விலைக்கு வாங்கி, மனைவி ஐவிக்காக இழைத்துச் செய்தது. கூரை ஒழுகிய வருஷம் மனசில்லாமல் விற்றது.

சங்கதி கேட்டதும் ஐவி சொல்லிவிட்டாள்: "டப்பால அறுபது பவுண்டு இருக்கு, க்ளெம். மேஜை இல்லாம வீட்டுப்பக்கம் வராத."

ஆனால் ஏலப் பட்டியல் 'பதினேழாம் நூற்றாண்டு அசல்' என்றது. அசலுக்கு அறுபது எந்த மூலைக்கு? ஆகவே, தன் மேஜை போலி என்று நிரூபிக்கத் துடித்த ஒரே மனிதராக க்ளெம், ஏலக்கூடத்து நிபுணர் ஃபென்விக் முன்னால் போய் நின்றார்.

"சார், இது நான் செஞ்சது."

ஃபென்விக் பூதக்கண்ணாடியை இறக்கவில்லை. "இந்த ஓட்டையப் பாரு. முந்நூறு வருஷத்துப் புழு."

"புழு தேவாலயத்தோடது சார். மேஜை என்னோடது."

"அப்ப இந்தக் கருகல்? உள்நாட்டுப் போர்ல வீடு எரிஞ்சப்ப பட்ட தீக்காயம்!"

"ஐவியோட இஸ்திரிப் பெட்டி சார். முக்கோணமா இருக்கு பாருங்க. பால்காரன்கிட்ட வாயடிச்சுட்டு நின்னுட்டா."

ஃபென்விக் குறிப்பேட்டில் 'முக்கோணத் தீ' என்று பயபக்தியோடு எழுதிக்கொண்டார்.

"சார், இழுப்பறையில இருக்கிற பச்சைத் துணியத் தூக்குங்க. அடியில ஆரஞ்சுப் பெட்டிப் பலகை. 'ஸ்பெயின்'னு முத்திரையே இருக்கும்."

ஃபென்விக் நெஞ்சில் கைவைத்தார். "துணியக் கிழிக்கிறதா? அது வரலாற்றுக் கொலை!"

"நான் செஞ்சப்ப துணியே கிடையாதே சார்!"

"பாத்தியா? இந்த மேஜையப் பத்தி உனக்கு ஒண்ணுமே தெரியல."

விவகாரம் 'நிபுணர் குழு'வுக்குப் போனது. குழு என்பது ஃபென்விக்கும் அவருடைய மைத்துனரும். தேநீர், இஞ்சி பிஸ்கட் சகிதம் எட்டு நிமிஷம் ஆழ்ந்து விவாதித்து ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்: மேஜை 'அசல்'. க்ளெம் தச்சர் என்பது 'ஐயத்துக்குரியது'. சான்றிதழ் ஏதும் இல்லை.

ஏலத்தன்று வழக்கப்படி சாமானைச் சபைக்குத் தூக்கிக் காட்ட வேண்டியவர் க்ளெம். தூக்கி நிமிர்வதற்குள் ஏலக் கேள்வி அறுபதைத் தாண்டிவிட்டது. ஒன்பதாயிரம் பவுண்டில் சுத்தியல் விழுந்தது. லண்டன் கனவான் ஒருவர் மேஜையோடு போனார். க்ளெம் வீட்டுக்குப் போக மனமில்லாமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

ஃபென்விக் வந்து கதவைச் சாத்தினார். தம் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"க்ளெம், வாங்குனவரு இதுக்கு ஜோடி கேக்குறாரு. செய்ய எத்தன நாளாகும்?"

க்ளெம் கோப்பையை வாயருகே வைத்தபடியே பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணுப்பா," என்றார் நிபுணர், குரலைத் தாழ்த்தி. "இந்தத் தடவ ஆரஞ்சுப் பெட்டிப் பலகை வேண்டாம். துணி ஒட்டி மறைக்கிறதுக்குள்ள எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமையே போயிடுச்சு."