ஸ்டாப்வாட்ச் சாரும் டில்லிப் படிவமும்

தாலி கட்ட எத்தனை நொடி ஆனது என்று குறித்துவைத்துக்கொண்ட மாப்பிள்ளை, இந்தப் பூலோகத்திலேயே எங்கள் ஸ்டாப்வாட்ச் சார் ஒருவர்தான். பதினாலு நொடி. மூன்றாவது முடிச்சுப் போட்ட சொந்தத் தங்கை தாமதம் செய்துவிட்டாளாம். அந்தக் கோபத்தில் மனுஷன் முப்பது வருஷம் அவளோடு பேசவில்லை!

தங்க வயலில், சுரங்கத்து ஆட்களின் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீசில் அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. எழுபதுகளில் எங்களுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. நாலு பீரோ அகலம். அதற்குக் குளிர்சாதன அறை. எங்களுக்கு மின்விசிறிகூடக் கிடையாது. பின்னாலேயே டில்லியிலிருந்து ஒரு படிவம். மெஷின் வந்ததால் வேலைத்திறன் எவ்வளவு கூடியது என்று அளந்து அனுப்ப வேண்டுமாம். அளப்பதென்றால் வேறு யார்? சார்தான். ரிப்போர்ட் சரியாகப் போனால் ஹெட் கிளார்க் பதவி என்று ஆசை காட்டினார்கள். ரிட்டயர் ஆக எட்டே மாசம். இருபது வருஷமாக அந்தப் பதவிக்கு ஏங்கியவர் அவர்.

எத்தனை ஆள், எத்தனை தாள், எத்தனை மணி என்று அளந்து தள்ளினார்.

"யோவ், நீ மூக்கு சிந்தினது நாப்பது செகண்டு. இத்த எந்தக் கட்டத்துல எழுதறது?"

"இன்னா சார் நீங்க, சளிக்கும் கணக்கா?"

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். கடைசியில் பார்த்தால் லாபம் பூஜ்யம். மெஷின் வேகம்தான், அதற்குப் புரியும்படி கணக்கை அட்டையில் ஓட்டைகளாகப் போட நாலு பேரைப் புதிதாக வைத்திருந்தார்களே!

அந்த வாரமே ஒரு காலையில் தரை அதிர்ந்தது. கீழே பாறை வெடித்துவிட்டது. ஆபீஸ் வாசலில் பெண்கள் ஓடிவந்து கூடினார்கள். இடுப்பில் குழந்தையோடு என் அக்காவும் நின்றாள். மாமா அந்த ஷிப்டில்தான் இறங்கியிருந்தார். முன்பெல்லாம் இறங்குகிறவர்கள் எடுத்துப்போன டோக்கனையும் பேரேட்டையும் ஒத்துப் பார்த்து, எந்த ஆழத்து லெவலில் யார் யார் என்று சொல்லச் சாயங்காலம் ஆகும். அதுவரை அத்தனை பெண்களும் புருஷனைப் பறிகொடுத்தவர்களாகத்தான் நிற்பார்கள்.

அன்று மெஷின் பதினெட்டு நிமிஷத்தில் பட்டியலைக் கொடுத்தது. சார் பெஞ்சு மேல் ஏறி நின்று வாசித்தார். பாறை சரிந்த லெவலில் ஏழு பேர். மாமா பேர் அதில் இல்லை. அக்கா மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு அழுகைகூட வரவில்லை.

படிவத்தின் அடியில் சார் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'பெண்கள் வாசலில் நின்ற நேரம், முன்பு ஒன்பது மணி நேரம், இப்போது பதினெட்டு நிமிஷம். லாபம் இதுவே.'

படிவம் திரும்பி வந்தது. நின்றவர்கள் ஊழியர்கள் அல்லர், அந்த வரியை நீக்கி அனுப்பவும் என்று குறிப்பு.

"சார், ஒரு கோடு போட்டு அடிச்சிடுங்க. பதவி பூடும் சார்."

"அடிக்கறதுக்கு ரெண்டு செகண்டு போதும்பா. ஆனா அவங்க நின்னாங்களே. நான் பாத்துகினுதானே இருந்தேன்."

அடிக்கவில்லை. பதவி வேறொருவருக்குப் போனது. சார் வெறும் கிளார்க்காகவே ரிட்டயர் ஆகி வீட்டுக்குப் போனார். பிரிவுபசாரத்துக்கு எண்ணி ஆறு பேர் வந்திருந்தோம்.

என் அக்கா அந்த வாசலில் துடித்து நின்றதும் ஒரு கணக்குதான் என்று சர்க்காருக்கு எழுதிய ஒரே மனுஷன் அவர்.