வேலிக்கு வெளியே நின்ற முனியய்யா

மலாயாவில் அவசரகாலம் நடந்த நாள்களில், கடவுளுக்குக் காது மந்தம் என்று எங்கள் வீட்டில் அனைவரும் நம்பினோம். தண்டவாளத்தார் அவரோடு பேசிய முறையைக் கேட்டிருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

சிரம்பானுக்கு அப்பால் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தின் ஆபீசு வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. விடியுமுன் அதை அடித்து ஆள்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கணக்கெடுப்புக்கு, எழுப்புவது தண்டவாளத்தாரின் தொழில். இயற்பெயர் யாருக்கும் நினைவில்லை. முப்பது ஆண்டுகள் அடித்ததில் அவருடைய காதே போய்விட்டது என்பது ஊர் முடிவு. நாம் ஒன்று கேட்டால், “என்னா?” என்று உள்ளங்கையைக் காதருகே வளைப்பார்.

காட்டில் மறைந்திருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகக் கூடாதென்று அரசு எங்கள் லயங்களை, அதாவது வரிசை வீடுகளை, எல்லாம் ஒரே இடத்துக்குப் பெயர்த்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டது. வாசலில் சோதனை. ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது. அந்த அவசரத்தில் ஆடு, கோழி, தொட்டில் எல்லாம் உள்ளே வந்தன. முனியாண்டி சாமியை மட்டும் அனைவரும் மறந்துவிட்டோம். அவர் வேலிக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றார்.

தண்டவாளத்தார் கூப்பிட்டார். நாள்தோறும் மாலையில், ஊரடங்குக்குச் சற்று முன், கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

“முனியய்யா! மூணாவது லயத்து ராக்காயி வீட்டுல ரெண்டு நாளா அடுப்பெரியல! புருசன் காய்ச்சல்ல கெடக்கான்! நீ அங்க என்னா பண்ணிக்கிட்டு இருக்க?”

அவர் திரும்பி வருவதற்குள் ராக்காயி வீட்டுக்கு நான்கு சட்டி கஞ்சி போய்ச் சேரும்.

“முனியய்யா! சின்னச்சாமி மறுபடியும் பொஞ்சாதிய அடிக்கிறான்! அவன் கைய மடக்கு!”

சின்னச்சாமி பத்து நாள் தலைநிமிராமல் நடந்தார். கை தானாகவே மடங்கிவிட்டது.

“வீட்டு மானம் காட்டுக்குப் போவுது. கொஞ்சம் மெல்ல வேண்டிக்கக் கூடாதாண்ணே?” என்றார் என் அம்மா ஒருநாள்.

“என்னா தங்கச்சி?”

“ஒண்ணுமில்லலா!”

அதே அம்மா ஒரு மாலை தாமாகவே அவரிடம் போய் நின்றார். ரப்பர்ப் பால்வாளிக்குள் பழைய சோற்றை மறந்து வைத்துக்கொண்டு வாசலைக் கடந்த என் அப்பாவைப் போலீசு பிடித்துப் போய் நான்கு நாள்கள் ஆகியிருந்தன. அம்மா சொன்னது எனக்கே கேட்கவில்லை. தண்டவாளத்தார் சொன்னதைத் தோட்டமே கேட்டது.

“முனியய்யா! இவ புருசன் துரோகி இல்ல, மறதிக்காரப் பய! கல்யாணத்தன்னிக்குத் தாலியையே மறந்துட்டு வந்தவன்! அவன அனுப்பி வை! சேவல் அறுத்துச் சோறு போடுறேன்!”

அதுவரை கதவைப் பார்த்தே உட்கார்ந்திருந்த அம்மா அன்றுதான் படுத்து உறங்கினார். பாரத்தை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்ட முகம் அது. மறுநாள் அப்பாவின் கூலி நின்றுவிடாதபடி அவருடைய மரங்களை ஆறு பேர் பங்கு போட்டு வெட்டிப் பாலெடுத்தார்கள். அப்போது எனக்குப் பதினேழு வயது. அந்தக் கூப்பாடும் இந்த உதவியும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து அப்பா மெலிந்து திரும்பினார். வேண்டுதலை நிறைவேற்ற வேண்டுமே! தண்டவாளத்தார் வேலிக்குப் போனார்.

“முனியய்யா! சேவல் தயார்! சோறு தயார்! வெளிய கொண்டார விட மாட்டேங்கிறாங்க! நீயே வேலிகிட்ட வந்து வாங்கிட்டுப் போ!”

காவல்மேடையில் இருந்த இளம் காவலருக்குத் தமிழில் நாலைந்து சொற்கள் தெரியும். சோறு, வேலி, வா. அவை போதுமாயிருந்தன.

காட்டு ஆளுக்குச் சோறு கொடுப்பதாக மறுநாள் காலை ஆபீசில் விசாரணை. தண்டவாளத்தாரைத் தடுப்பு முகாமுக்கு அனுப்புவது. சேவலுக்கு உரியவர் என்பதால் அப்பாவையும் உடன் அனுப்புவது. வெள்ளைக்கார அதிகாரியின் முன்னே அப்படி எழுதிய உத்தரவுத் தாள் இருந்தது. சன்னலுக்கு வெளியே நானும் அம்மாவும் நின்றோம். அம்மாவின் விரல்கள் என் தோளில் பதிந்திருந்தன. மொழிபெயர்த்தவர் தோட்டத்துக் கணக்கெழுதும் எங்கள் கிராணியார். ஒரு சொல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும் அவரையும் முகாமுக்கு அனுப்புவதாக அதிகாரி முன்னரே சொல்லியிருந்தார். ஆகவே மனிதர் வேர்த்து வழிந்தபடி, கேட்டதை மட்டும் கேட்டார். சொன்னதை மட்டும் சொன்னார். கேள்விகளை மட்டும் உரக்கக் கத்தினார்.

“அவன் பேரு?”

“முனியாண்டி.”

“எவ்வளவு நாளா பழக்கம்?”

“எங்கப்பன் காலத்துலேருந்து.”

“ஆயுதம் உண்டா?”

“அருவா இருக்கு தொரை. ஆளு ஒசரம்.”

“எப்ப நடமாடுவான்?”

“ராவெல்லாம் காடு சுத்துவாரு. யாரு கண்ணுலயும் ஆப்புட மாட்டாரு.”

“இதுவரைக்கும் என்னென்ன குடுத்த?”

“சுருட்டு, சாராயம். வழக்கமா குடுக்கிறதுதானே!”

அதிகாரி எழுந்தே விட்டார். கடைசிக் கேள்வி: “சரணடைவானா?”

தண்டவாளத்தார் முதல் முறையாகச் சிரித்தார். “அவரா? நாமல்ல தொரை அவருகிட்ட சரணடையணும்!”

கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அதையும் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தார்.

துப்பாக்கியோடு பன்னிருவர் புறப்பட்டார்கள். வழிகாட்டி தண்டவாளத்தார். மரத்தை நெருங்கியதும் அவர், “முனியய்யா! தொரை வந்திருக்காரு, எந்திரி!” என்று முழங்க, பன்னிருவரும் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார்களாம். நெடுநேரம் எதுவும் வெளிவரவில்லை. கடைசியில் வயதான மலாய்க் காவலர் ஒருவர் எட்டிப் பார்த்தார். குங்குமம் பூசிய ஒரு கல், துருப்பிடித்த ஓர் அரிவாள், பாதி எரிந்த சுருட்டு. அவர் தொப்பியைக் கழற்றினார்.

“துவான், இது இவங்களோட டத்தோ, காவல் சாமி,” என்றார் அதிகாரியிடம்.

அதிகாரி உடையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே கல்லைப் பார்த்தாராம். சிரிக்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அது பிறகு வெளியே வரவில்லை. எல்லாரும் வேலிக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம், இந்தச் சாமிக்கும் அதுவே என்று உத்தரவிட்டார். அன்று மாலை முனியய்யா தோட்டத்து லாரியில், அரிவாளோடு, சோதனைச் சாவடியைக் கடந்து எங்களோடு குடியேறினார். அப்பா சேவலைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கத்தியை மறந்துவிட்டு வந்திருந்தார்.

சாமி பத்தடி தூரத்துக்கு வந்த பிறகும் தண்டவாளத்தாரின் குரல் இறங்கவில்லை. ஒருநாள் அருகில் நின்ற நான், அவருக்குக் காது மந்தம் என்பதை மறந்து, வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன்.

“பக்கத்துலதானே இருக்காரு மாமா? இன்னும் எதுக்கு இந்தக் கத்து?”

அவர் உள்ளங்கையை வளைக்கவில்லை.

“அவருக்கு மனசுல நெனச்சாலே கேக்கும் புள்ள,” என்றார் மெல்ல. “பக்கத்து வீட்டுக்குத்தான் கத்திச் சொல்லணும்.” பிறகு ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார்.

வேலியை அகற்றினார்கள்; பிறகு லயங்களையும் இடித்தார்கள். அம்மா, அப்பா, தண்டவாளத்தார் என்று ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மாதம் ஒருமுறை என் மகன், நாங்கள் இப்போது வசிக்கும் அம்பாங்கானிலிருந்து முனியய்யாவிடம் என்னைக் காரில் அழைத்துப் போகிறான். குரல் வாய்த்தவரை நான் உரக்கவே வேண்டிக்கொள்கிறேன். அந்தத் தோட்டத்தில் இப்போது முனியய்யா மட்டும் இருக்கிறார்; அவரை அறிந்தவளாக நான் மட்டும் இருக்கிறேன்.