சுண்ணாம்புச் சுவர்

படம் வரைகிறவனுக்கு எந்த நிலமும் காலியாகத்தான் தெரியும். கண்டியைச் சுற்றிய மலையெல்லாம் காப்பியாக இருந்த அந்தக் காலத்தில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மீசை அரும்பி, அறிவு அரும்பாத வயது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கட்டட வரைபடம் வரையும் வேலையில் சேர்ந்திருந்தேன். நகரத்துக்குள் ஓர் உயர்தரப் பாடசாலை கட்ட ஒரு குழு அமைந்தது. தலைவர் காப்பித் தோட்டத்துத் துரை. நிலமும் அவர் கொடுப்பதுதான். அக்குறணையைச் சேர்ந்த துணிக்கடை முதலாளி ஒருவரும் குழுவில் இருந்தார். படம் துரைக்குப் பிடித்தால் பாடசாலை. பிடிக்காவிட்டால் அங்கே இன்னொரு காப்பிக் களஞ்சியம் எழும்பும், நான் ஊருக்கு வண்டி ஏறவேண்டியதுதான்.

"பாடசாலை ஊருக்குள் இருந்தால் போதாது, ஊரும் பாடசாலைக்குள் இருக்கவேண்டும்" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். (அந்த வசனத்தை நானே ஆக்கினேன் என்ற பெருமையில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.) தெருப்பக்கம் நீண்ட விறாந்தை வைத்தேன். வண்டிக்காரரும் கடைக்காரரும் மாலையில் வந்திருந்து, யாராவது பத்திரிகை வாசிக்கக் கேட்கலாம். காகிதத்தில் காட்டினால் விளங்காது என்று நிலத்திலேயே சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் கோடு போட்டேன். அக்கம்பக்கத்தாரை வீடு வீடாகப் போய் அழைத்தேன்: "உங்கட பள்ளிக்கூடம். வந்து நடந்து பாருங்கோ."

வந்தார்கள், குழுவினரும் சேர்ந்து. வாசலென்று நான் விட்டிருந்த இடைவெளியில் முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார். துரை மண்டபத்தின் நடுவில் நின்று, இல்லாத கூரையை அண்ணாந்து பார்த்துத் தலையசைத்தார்.

அப்போதுதான் முத்தம்மா வந்தாள். பக்கத்திலிருந்த துரையின் களஞ்சியத்தில் காப்பிக்கொட்டை பொறுக்கும் பெண்களில் ஒருத்தி. பின்னால் மலை ஊற்று வந்து விழும் பீலியில் தண்ணீர் பிடித்து, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, தினமும் போகும் வழியே நேராக என் பின்சுவரை நோக்கி நடந்தாள்.

"அம்மா, நில்லுங்கோ! அது சுவர்!"

அவள் நின்று சுற்றிப் பார்த்தாள். "எங்கங்க சாமி?"

"உங்கட காலடியில. அதுக்குள்ளால வரேலாது."

"அப்ப பீலிக்கு எந்தப் பக்கமா வர்றதுங்க? நாங்க இம்புட்டுப் பேரும் இந்தத் தண்ணியத்தானே குடிக்கிறோம்?"

பதில் இல்லாதவன் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். நானோ ஓடிப்போய்க் கோட்டின்மேல் நின்று, இரு கைகளையும் விரித்தேன், சுவர் என்றால் என்னவென்று அவளுக்குக் காட்ட! அவள் வலப்பக்கம் ஒதுங்கினாள், நானும் ஒதுங்கினேன். இடப்பக்கம் ஒதுங்கினாள்; நானும் ஒதுங்கினேன். (சுவர் ஒதுங்காது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.) குடம் சரிந்தது. தலையிலிருந்து கால்வரை நனைந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். முத்தம்மா வெறுங்குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டாள். "தொரை பாத்துட்டாரே... எனக்கு வேல போயிருமா சாமி?"

என் வேலையையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அவளுக்கும் போவதற்கு ஒரு வேலை இருப்பது அப்போதுதான் உறைத்தது.

"போகாதம்மா. பிழை என்னுடையது," என்றேன். துரைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

துரை வந்து நிலத்தைப் பார்த்தார். தண்ணீர் ஓடிய இடத்தில் கோடு கரைந்து, குடத்தோடு ஓர் ஆள் போகுமளவு இடைவெளி. தோட்டத்தில் பழகிய தமிழில், "இங்கே வழி வை. கதவு வேணாம்," என்றார்.

முதலாளி தன் சால்வையால் என் தலையைத் துவட்டிவிட்டார். "நீங்க கீறினதவிட, தண்ணி அழிச்சது நல்லா ஈக்கிது தம்பி."

பாடசாலை எழுந்தது. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே அந்த வழி. பூகோளப் பாடத்தின் நடுவில் குடங்கள் போய்வந்தன. தலைமை ஆசிரியர் என்னைக் காணும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சில வருடங்களில் முத்தம்மாவின் இளையவனும் படிக்க வந்தான். முன்வாசலால் வரக் கூச்சப்பட்டு, அந்த வழியாலேயே வந்தான்.

காப்பி நோய்ப்பட்டு அழிந்து, மலையெல்லாம் தேயிலையாகிவிட்டது. இப்போது வீட்டில் நான் யார் பேச்சையும் காதில் வாங்காமல் இருந்தால், என் மனைவி பிள்ளைகளிடம் சொல்வாள்:

"அப்பாவோட ஏன் கத்துறியள்? சுவருக்குச் சொன்னாக் கேக்குமே? அந்தச் செம்பில தண்ணி எடுத்துக்கொண்டு வாங்கோ. இது ஊத்தினாத்தான் வழிவிடுற சுவர்."