மூலாதாரம்: அசல் ஒன்று, நகல் இரண்டு

மணலியில் டேங்கர் லாரிகள் திரும்பும் முனையிலிருந்து எண்ணூற்று இருபது அடி நடந்தால் எங்கள் தெரு வரும். மொத்தம் அறுபத்து மூன்று வீடுகள், இருநூற்று நாற்பத்தெட்டு பேர். தெருவுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் தெரு ஆண்களில் நாற்பத்தோரு பேர் அதன் கேட்டுக்குள் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள். வாரத்தில் நான்கு நாள், சில வாரம் ஐந்து நாள், அங்கிருந்து அழுகிய முட்டை வாடை வரும்.

கெங்கம்மாவின் மகள் மகிழினிக்கு ஒன்பது வயது. வாடை வந்த நாளில் அவளுக்கு மூச்சு இழுக்கும். குழந்தையை வாடை இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளும்படி பெரியாஸ்பத்திரி டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அது எந்த இடம் என்று எழுதவில்லை. அன்று முதல் கெங்கம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டுவந்தாள். தெருவில் காற்று அளக்கும் பெட்டி ஒன்று வைக்க வேண்டும். பெட்டி வைத்தால் வாடைக்கு ஓர் எண் கிடைக்கும். எண் கிடைத்துவிட்டால் வாடையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முப்பத்தெட்டு மனு போயிற்று. முப்பத்தொன்பதாவதற்குப் பதில் வந்தது.

"பார்வையில் காணும் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. வாடை என்பது வீசும் இடத்தைவிட முகரும் நபரைப் பொறுத்ததாகையால், மனுதாரர்களின் ஏழு சக்கரங்களும் சீராக உள்ளனவா என்பது முதற்கண் உறுதி செய்யப்பட வேண்டியுள்ளது. சக்கரம் சீராக உள்ளவர் முகர்ந்த வாடை மட்டுமே வாடையாகக் கணக்கில் கொள்ளப்படும்."

கெங்கம்மாவின் கணவன் சுப்பராயன் இதை இரண்டு தடவை படித்தான்.

"லாரிக்கே ஆறு சக்கரம்தான் கீது. நமக்கு இன்னாத்துக்கு ஏழு?"

"ஸ்டெப்னியோட சேத்து சொல்றாங்கோ. படி, கீழ இன்னா போட்டுகீது?" என்றாள் கெங்கம்மா.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் முகாம் என்று போட்டிருந்தது.

முகாமுக்கு அகநலச் சீராக்க அலுவலர் வேலப்பன் வந்தார். போன வருஷம் வரை கொசு ஒழிப்புப் பிரிவில் இருந்தவர். மேலதிகாரி ஒருவர் மலை மேல் பத்து நாள் பயிற்சி முடித்துத் திரும்பியதிலிருந்து அவருடைய அலுவலகத்தில் எல்லாருக்கும் சக்கரம் வந்துவிட்டது. மேசைக்கு மேசை ஏழு நிறப் பாசிமணி. வேலப்பனும் ஒன்று போட்டிருந்தார். உடன் வந்த ஆலோசகர் ஜெனி வெண்கலக் கிண்ணத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"முதுகெலும்போட அடியிலேருந்து உச்சந்தலை வரைக்கும் ஏழு சக்கரம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறம். அடியில இருக்கறது மூலாதாரம்."

"எனக்கு மூலம்லாம் இல்லம்மா," என்றான் சுப்பராயன். "நல்லா உக்காருவேன்."

ஜெனி கோபித்துக்கொள்ளவில்லை. "இதெல்லாம் ஒரு குறியீடுங்க. அமைதியா உக்காந்து, நமக்கு எங்க பயம், எங்க பாரம்னு நம்மளையே கேட்டுப் பாக்கறதுக்கு."

வேலப்பன் பேனாவைத் திறந்தார். "குறியீடுன்னா குறியீட்டு எண் இருக்கணுமே மேடம். எண் என்ன?"

"எண்ணெல்லாம் கிடையாது சார்."

"எண் இல்லாம நான் எதுல பதியறது? சரி, வரிசைப்படி போவோம். புதன்கிழமை எல்லாருக்கும் மூலாதாரம் சரிபார்க்கப்படும். ஒருத்தருக்கு விடுபட்டாலும் பெட்டி கிடையாது."

கடைசி வாக்கியம் கெங்கம்மாவின் காதில் நன்றாக விழுந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். புதன்கிழமை ஒரு கோணிப்பையைத் தூக்கிவந்து வேலப்பன் மேசையில் வைத்தாள்.

"மூல ஆதார் சார். அசல் ஒண்ணு, நகல் ரெண்டு. இருநூத்தி நாப்பத்தெட்டு பேருக்கும் கீது. கைக்குழந்தையோடதைக்கூட வுடாம எடுத்துக்கினு வந்துட்டேன்."

ஜெனி சிரித்துவிட்டார். "அய்யோ, மூலாதாரம் உடம்புல இருக்கறதும்மா."

"இதுவும் உடம்புலேர்ந்து வந்ததுதாம்மா. பத்து வெரலு, ரெண்டு கண்ணு. வேற இன்னா வோணும்?"

ஜெனி வேலப்பனைப் பார்த்தார். வேலப்பன் கையிலிருந்த மேலிடத்துச் சுற்றறிக்கையைப் பார்த்தார். தட்டச்சு செய்தவர் கை தவறி 'மூல ஆதார சரிபார்ப்பு' என்று பிரித்து அடித்திருந்தார்.

"இடைவெளி விட்டிருக்கே மேடம்," என்றார் வேலப்பன்.

"அது தப்பா அடிச்சிருக்காங்க சார்."

"இருக்கலாம். ஆனா மேலிடத்து இடைவெளியை மூடறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. அம்மா, இப்படி வரிசையா அடுக்குங்க."

அன்று மாலைக்குள் எங்கள் தெருவின் மூலாதாரம் முழுவதும் சரிபார்க்கப்பட்டு முத்திரை குத்தப்பட்டது. பதினாறு பேருக்கு மட்டும் மூலாதாரம் கைப்பேசி எண்ணுடன் இணைக்கப்படவில்லை. மறுநாள் இணைத்தார்கள்.

முதல் சக்கரத்துக்கு ஆவணம் என்று ஆன பிறகு மற்ற ஆறுக்கும் ஆவணம் இல்லாமல் எப்படி? வேலப்பன் முறைப்படியே யோசித்தார். வயிற்றில் இருக்கும் மணிபூரகத்துக்குக் குடும்ப அட்டை. தொண்டையில் இருக்கும் விசுத்திக்குக் குடிநீர் இணைப்புச் சீட்டு. நெஞ்சில் இருக்கும் அனாகதத்துக்குக் கல்யாணப் பத்திரிகை போதும் என்று தாராளமாக நடந்துகொண்டார். ஏழாவதுதான் இடித்தது. உச்சந்தலைக்கு மேலே இருப்பது கூரை, கூரைக்கு ஆவணம் பட்டா. எங்கள் தெருவில் ஒருவருக்கும் பட்டா இல்லை. ஆகவே இருநூற்று நாற்பத்தெட்டு பேருக்கும் தற்காலிக ஞானம் வழங்கப்பட்டது. அதற்கான சக்கரச் சான்றிதழை ஆண்டுதோறும் மார்ச்சுக்குள் புதுப்பிக்க வேண்டும்.

ஜெனி கிண்ணத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது கெங்கம்மாவிடம், "உங்க பொண்ணுக்கு உண்மையாவே உடம்புக்கு முடியலம்மா, டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றார்.

"காட்டிட்டுதாம்மா இங்க வந்தோம்," என்றாள் கெங்கம்மா.

பதினேழாம் நாள் பெட்டி வந்தது. மின்கம்பத்தில் எட்டடி உயரத்தில் மாட்டினார்கள். அதே வாரம் தொழிற்சாலை கேட்டிலும் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். சக்கரச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டுமே இனிக் கேட் பாஸ். நாற்பத்தோரு பேரிடமும் சான்றிதழ் இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை வாடை வந்தது. பெட்டியில் நூறு வரைக்கும் நல்லது என்று எழுதியிருந்தது. மகிழினி அண்ணாந்து பார்த்து, மூச்சை இழுத்து இழுத்து வாசித்தாள். "நானூத்தி... பதினேழு." கெங்கம்மாவின் கண் கலங்கிவிட்டது. இத்தனை மனுவுக்குப் பிறகு வாடைக்கு எண் வந்துவிட்டது.

தகவல் போய் வேலப்பன் வந்தார். பெட்டியைப் பார்த்தார், குறித்துக்கொண்டார், தெருவைக் கூட்டினார்.

"விதி மூன்றின்படி, ஏழு சக்கரமும் சீராக உள்ளவரை வாடை அண்டாது. உங்க எல்லாருக்கும் சான்றிதழ் இருக்கு. இப்ப சொல்லுங்க, வாடை வருதா?"

கெங்கம்மா வாயைத் திறந்தாள். சுப்பராயன் பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்தான்.

"வருதுன்னு சொன்னா இன்னா ஆவும் சார்?" என்று கேட்டாள்.

"சக்கரம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். சான்றிதழ் ரத்து. கேட் பாஸ் அவங்க விஷயம், எனக்குத் தெரியாது."

"பொட்டி காட்டுதே சார், நானூத்திப் பதினேழு."

"பெட்டிக்குச் சக்கரம் சரிபார்த்தாச்சா?"

எல்லாரும் அண்ணாந்து பெட்டியைப் பார்த்தோம்.

"பெட்டிக்கு ஆதார் இருக்கா?"

"இல்ல சார்," என்றான் சுப்பராயன்.

"அப்ப மூலாதாரமே இல்லாத ஒரு பெட்டி சொல்றதை வெச்சு, சான்றிதழ் வாங்கின இருநூத்தி நாப்பத்தெட்டு பேரை நான் சந்தேகப்படணுமா? நீங்களே யோசிச்சு எழுதிக் குடுங்க."

அவர் நிழலில் போய் உட்கார்ந்தார். நாங்கள் யோசித்தோம். கெங்கம்மா வீட்டு வாசலில்தான் பேச்சு நடந்தது.

"ஒரு வேலை, ஒரு கேட் பாஸு," என்றான் சுப்பராயன். "அது பூட்ச்சின்னா புள்ளைக்கு மருந்து எங்கேர்ந்து வாங்குவே?"

"மருந்து வாங்கறதே அந்த வாடையாலதான்யா."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினு பேசு."

"தெரிஞ்சிக்கினுதான் பேசறேன் கெங்கா."

அவள் மகளின் முதுகை நீவிவிட்டாள். பிறகு பேனாவைக் கேட்டாள்.

நாற்பதாவது மனு இப்படி இருந்தது: "சக்கரம் சீரில்லாத மேற்படி பெட்டியால் எங்கள் தெருவின் அமைதி கெடுவதால் அதைத் தயவுகூர்ந்து அகற்றித் தரும்படி பணிவுடன் வேண்டுகிறோம்." வீட்டுக்கு ஒன்று வீதம் அறுபத்து மூன்று கையெழுத்து. முதல் கையெழுத்து கெங்கம்மாவுடையது. எங்கள் மனுக்களில் அன்றைக்கே நடவடிக்கை எடுக்கப்பட்டது அது ஒன்றுதான். ஏணியோடு ஆள் ஏற்கெனவே வண்டியில் இருந்தான்.

பெட்டியை இறக்கும்போது அது நானூற்று அறுபது காட்டிக்கொண்டிருந்தது. வேலப்பன் வண்டியருகே நின்று பதிவேட்டில் எழுத ஆரம்பித்தார். இரண்டு வரி எழுதியதும் இருமல் வந்தது. நிற்கவில்லை. கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இருமினார். பாசிமணி குலுங்கியது. நாங்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தோம். அவருக்கும் சான்றிதழ் இருக்கிறது, அவருக்கும் வீடு இருக்கிறது.

கெங்கம்மா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"தூசு," என்றார்.

"ஆமா சார், தூசு," என்றோம், அறுபத்து மூன்று வீட்டாரும். மகிழினிகூடச் சொல்லப் பார்த்தாள். அவளுக்கு மூச்சு எட்டவில்லை.