ரீஸ்டார்ட் அண்ணனும் மலை மேல் டீச்சரும்

உலகத்தில் பழுதான பொருள் என்று ஒன்று கிடையாது, சரியாக அணைத்துப் போடப்படாத பொருள்தான் உண்டு என்று முழுமனதாக நம்பிய மனிதர் கள்ளக்குறிச்சியில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ரீஸ்டார்ட் அண்ணன். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். கடைத்தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு உரக்கடை. சுவரை ஒட்டினாற்போல அவருடைய கம்ப்யூட்டர் கடை. ஒரு சிஸ்டம், ஒரு பிரிண்டர், ஒரு ஃபேன், அவ்வளவுதான் கடை. வடக்கனந்தலிலிருந்தும் நைனார்பாளையத்திலிருந்தும் பட்டா சிட்டா எடுக்க ஆட்கள் வருவார்கள். பிரிண்டர் பேப்பரை மென்று துப்பினால் அணைத்துப் போடுவார். ஃபேன் முனகினால் அணைத்துப் போடுவார். அதோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

ஒருநாள் ஒரு விவசாயி, அப்பா பெயரைத் தப்பாக அடித்துவிட்டார்கள் என்று கத்திக்கொண்டே கடைக்குள் நுழைந்தார். அண்ணன் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"செத்த வெளிய போய்ட்டு மறுபடி உள்ள வாங்க."

"இன்னாத்துக்கு?"

"சூடா கீறீங்க. போய்ட்டு வந்தா சரியாப் பூடும்."

அந்த மனிதர் போனாரே, அதுதான் அதிசயம். வாசலில் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "அப்பா பேரு தப்பா வுழுந்துட்டுதுங்க" என்றார், ஏதோ தானே தப்புச் செய்துவிட்டதுபோல.

எனக்கும் இந்த வைத்தியம் கிடைத்தது. வீட்டில் சண்டை என்று ஒருநாள் அவரிடம் புலம்பினேன்.

"மாமியார் வூட்டுக்கு அனுப்பி வையி. திரும்பி வர்றப்ப எல்லாம் புதுசா ஆரம்பிக்கும்."

"அண்ணே, மாமியார் வூடு எங்க மாடியிலதான கீது."

"அப்போ மாடிக்கு அனுப்பு."

இப்படி ஊருக்கெல்லாம் பிரிவை மருந்தாக எழுதிக் கொடுத்தவருக்குத் தன் வீட்டில் மட்டும் அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மனைவி கல்வராயன் மலை மேல் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாரம் முழுக்க அங்கேயே தங்கல். செல்போனுக்கு டவர் கிடையாது. பள்ளிக்கூடத்து ஆபீஸ் அறையில் மட்டும் நெட் வரும். சாயங்காலம் டீச்சர் அங்கே உட்கார்ந்து வீடியோவில் கூப்பிடுவார். அண்ணன் சிஸ்டத்தில் எடுப்பார். டச் போன் ஒன்று வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், "அதுல பாத்தா பொட்டு சைஸுக்குத் தெரியறா. இதுல பாத்தா எதிர்ல உக்காந்தினு கீற மாதிரி இருக்கும்" என்பார். அந்த நேரத்துக்குத் தலை சீவிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

நெட் பெட்டி மாடியில், கட்டடச் சொந்தக்காரர் அறையில் இருந்தது. சுவரில் ஓட்டை போட்டால் கட்டடம் விழுந்துவிடும் என்று நம்பிய கட்டடக்காரர் கீழே ஒயர் இழுக்க விடவில்லை. அதனால் அண்ணன், மாடியிலிருந்து காற்றில் வரும் நெட்டைப் பிடிக்க, சிஸ்டத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு டாங்கிளைச் சொருகி வைத்திருந்தார். கணவன் மனைவிக்கு நடுவில் இருந்த பாலம் அதுதான்.

ஒரு வருஷம் ஆயுத பூஜையைத் தடபுடலாகச் செய்தார். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, மவுஸிலிருந்து ஸ்டேப்ளர் வரை சந்தனம், குங்குமம். பூஜை முடிந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டார். பள்ளிக்கூட லீவில் டீச்சர் வீட்டில் இருக்கும் நாட்களில் அவருக்குக் கடையும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது.

லீவு முடிந்து டீச்சர் மலையேறிய அன்றைக்குத்தான் மறுபடி கடையைத் திறந்தார். முகமே சரியில்லை. "காச்சலோட போறா. ரெண்டு நாளு கழிச்சிப் போன்னா கேக்க மாட்டேங்கிறா" என்றார். மத்தியானம் நல்ல மழை பிடித்தது. என் கடைக்கு மருந்து வாங்க வந்த ஒருவர், மலை ரோட்டில் மண் சரிந்து பஸ்ஸெல்லாம் அங்கங்கே நிற்கிறது என்று சொல்லிவிட்டு, பூச்சிமருந்து டப்பாவோடு போய்விட்டார். டீச்சர் போன பஸ் மேலே போய்ச் சேர்ந்ததா, வழியில் நிற்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் அண்ணன் டாங்கிளைச் சொருகினார். இந்தப் பொருள் இன்னதென்று தெரியவில்லை என்று திரையில் அறிவிப்பு வந்தது.

"மூணு வருசமா ஒண்ணாத்தான் கெடக்குதுங்க. இப்ப யாருன்னு தெரியலியாம்" என்றார், சொந்தக்காரன் கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி.

அணைத்துப் போட்டார். தெரியவில்லை. பிளக்கையே பிடுங்கி, ஆற விட்டுப் போட்டார். தெரியவில்லை. முன்பக்கத்திலிருந்து எடுத்துப் பின்பக்கத்தில் சொருகினார். டிரைவர் சிடியைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றினார். திரைப் பட்டியலில் ஏதோ கோளாறு என்று ஒரு மஞ்சள் முக்கோணம் மட்டும் வந்து நின்றது. இதிலிருந்து கூப்பிடுங்கள் என்று என் போனை நீட்டினேன்.

"வீடியோவுக்குப் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதுப்பா. சிஸ்டத்துக்குத்தான் தெரியும்."

கடைசியில் டாங்கிளைக் கையில் எடுத்துக்கொண்டு தானே வாசலுக்குப் போய்த் தூறலில் நின்றுவிட்டு உள்ளே வந்தார். நான் சிரிக்கவில்லை. மறுபடி சொருகிப் பார்த்தார், தெரியவில்லை.

எதிரே அரிசிக்கடை பாய், இந்த நடமாட்டத்தைப் பார்த்துக் குடையோடு வந்தார். டாங்கிளை வாங்கி மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

"சந்தன வாசம் ஜாஸ்தியா வருதே. பூசை போட்டீங்களா?"

"போடாம? சோறு போடறதே இதுதான பாய்."

பாய் அதன் முனையை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். உள்ளே மஞ்சளாகக் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது.

"நெத்தியில பொட்டு வச்சீங்க, சரி. வாயிலயும் ஊட்டி வுட்டா அது எப்படிங்க பேசும்?"

அண்ணன் அவரைப் பார்த்தார், டாங்கிளைப் பார்த்தார். நான் என் கடையிலிருந்து பழைய பல் பிரஷ் கொண்டுவந்தேன். பாய் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். மூன்று பெரிய மனிதர்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஒரு கட்டைவிரல் பொருளுக்குப் பல் துலக்கினோம்.

சொருகினார். டிங் என்றது.

டீச்சரைக் கூப்பிட்டார், ரொம்ப நேரம் மணி போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் திரை வெளுத்து, டீச்சர் வந்தார். தலையில் துண்டு, தோளில் கம்பளி, நனைந்த முகம். உதடு அசைகிறது, சத்தம் மட்டும் வரவில்லை.

"ஒருதபா நிறுத்திப் போடுங்க, சத்தம் வரும்" என்றார் பாய்.

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் பாய். இருக்கட்டும்."

டீச்சர் தன் நெற்றியில் புறங்கையை வைத்துக் காட்டி, இல்லை என்று தலையாட்டினார். அண்ணன் கைவிரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று கேட்டார். அந்தம்மா ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினார். பிறகு இரண்டு பேரும் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாயும் நானும் குடையைத் தேடுவதுபோல வெளியே வந்துவிட்டோம்.

அடுத்த ஆனி மாதம் அண்ணன் கடையைக் காலி செய்துவிட்டு மலைக்கே குடி போய்விட்டார். "அவ எறங்கி வர்றதுக்கு நானு ஏறிப் பூடறது சுளுவு" என்றார். இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். கோபமாக வருகிறவர்கள் கோபமாகவே வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. கடையில் ஆள் குறைந்த நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொல்லும். அந்தக் குரல் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை நான் வைப்பதில்லை. நல்ல சேதிதானே சொல்கிறது, அண்ணன் போக வேண்டிய இடத்தில் போய் இருக்கிறார் என்று.